மின்சுற்று வடிவமைப்பில் செயற்கை நுண்ணறிவு: பணிக்குறிப்பைச் செம்மையாக எழுதும் முறை



நாராயணவனம் இரண்டு சிறப்புகளால் அறியப்பட்ட ஊர். பத்மாவதி திருமணம் நிகழ்ந்த தலம் என்று போற்றப்படும் கல்யாண வேங்கடேசுவரர் கோயில் ஒன்று, நெசவு மற்றொன்று. நெடுங்காலம் சித்தூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர், 2022 ஏப்ரலில் உருவான திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தது. புத்தூர், நகரி, நாராயணவனம் எனத் தொடரும் இவ்வட்டாரத்தில் தெலுங்கும் தமிழும் ஒருங்கே புழங்குகின்றன. தறி பல குடும்பங்களுக்கு வாழ்வளிக்கிறது.

இதே வட்டாரத்தைச் சுற்றி மின்னணுவியலும் வேரூன்றியுள்ளது. வடகிழக்கே ஸ்ரீஹரிகோட்டாவில் விண்வெளி ஏவுதளம். ஏர்ப்பேட்டில் 2015ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட திருப்பதி இந்தியத் தொழில்நுட்பக் கழகம். திருப்பதியிலிருந்து சித்தூர் செல்லும் வழியில் காதங்கியில் தேசிய வளிமண்டல ஆய்வுக்கூடம். காதங்கியில் உள்ள எம்.எஸ்.டி. ராடார் 53 மெகாஹெர்ட்ஸ் அலைவெண்ணில் இயங்குவது. வரிசைக்கு 32 வீதம் 32 வரிசைகளில், மொத்தம் 1,024 யாகி ஆண்டெனாக்களைக் கொண்டு அது அமைக்கப்பட்டது. அத்தகைய கருவி ஒன்றை அமைக்க முற்படுவோர் முதலில் மின்சுற்றை வரைவதில்லை. எந்த அலைவெண், எவ்வளவு திறன், எவ்வளவு மெல்லிய எதிரொலியைப் பிடிக்க வேண்டும் என்பவற்றையே முதலில் எழுதி வைக்கின்றனர். மின்சுற்று அதன் பின்னரே பிறக்கிறது.

இன்று செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் மின்சுற்று வடிவமைப்பிலும் துணைபுரிய வந்துள்ளன. தேவையைத் தட்டச்சு செய்தால் சில விநாடிகளில் பாகங்களின் பட்டியலும், இணைப்பு விவரமும், கணக்கும் திரையில் தோன்றுகின்றன. அவ்வாறு கருவிக்கு எழுதித் தரும் வேண்டுகோளை ‘பிராம்ப்ட்’ என்பர். இவ்வுரையில் அது பணிக்குறிப்பு எனப்படும். இக்குறிப்பை எவ்வாறு எழுதுவது, எழுதிப் பெற்ற விடையை எவ்வாறு ஏற்பது அல்லது மறுப்பது என்பதே இவ்வுரையின் பொருள்.

தறியும் கருவியும்

1804ஆம் ஆண்டளவில் பிரான்சு நாட்டு ஜக்கார்ட் அமைத்த தறியில், துணியின் வடிவம் துளையிட்ட அட்டைகளில் எழுதப்பட்டது. துளை உள்ள இடத்தில் பாவு இழை உயர்ந்தது. துளை இல்லாத இடத்தில் உயரவில்லை. அட்டையில் இல்லாத பூ துணியில் வாராது. கட்டத்தாளில் வடிவம் எழுதும் நெசவாளருக்கு இது நன்கு தெரியும். ஒரு கட்டம் விடுபட்டால் அக்குறை துணியில் வெளிப்படையாகத் தெரியும், திருத்திக்கொள்ளலாம்.

செயற்கை நுண்ணறிவின் இயல்பு இதற்கு நேர்மாறானது. தறி, சொல்லாததை நெய்யாது. இக்கருவியோ சொல்லாததையும் தானே நெய்துவிடும். மின்னழுத்தம் எவ்வளவு என்று குறிப்பிடாவிட்டால் அது பெரும்பாலும் நின்று கேட்பதில்லை. பழகிய ஓர் எண்ணை எடுத்துக்கொண்டு மேலே செல்கிறது. விடுபட்ட இடம் வெற்றிடமாகத் தெரிவதில்லை. அழகிய மொழியில் நிரப்பப்பட்டுத் தெரிகிறது. ஆகவேதான் இங்குப் பிழையைக் கண்டறிவது கடினம். பணிக்குறிப்பு எழுதுங்கலை என்பது, கருவி ஊகித்து நிரப்பக்கூடிய இடங்களை முன்கூட்டியே அறிந்து அடைக்கும் கலையே ஆகும்.

ஒரு சிறு தேவை

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். தறி ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு பாவு இழை அறுந்தால், அதைக் கண்டு தறியை உடனே நிறுத்த வேண்டும். இல்லையேல் துணியில் நீளமான குறை விழும். எளிய விசைத்தறிகள் பலவற்றில் இப்பணியை நெசவாளரின் கண்ணே செய்கிறது. இதற்கென மின்முறை ஒன்றும் நெடுநாளாக வழக்கில் உள்ளது. ஒவ்வொரு பாவு இழையின் மீதும் ஒரு மெல்லிய உலோகத் தகடு தொங்கும். இழை அறுந்ததும் தகடு கீழே விழுந்து, அடியில் உள்ள தொடுசட்டத்தில் குறைந்த மின்னழுத்தச் சுற்றை மூடும். உடனே ஒரு ரிலே இயங்கி, தறியை நிறுத்தும் சொலினாய்டுக்கு மின்சாரம் தரும்.

இத்தகைய சுற்றினை ஒரு மைக்ரோகண்ட்ரோலரைக் கொண்டு அமைக்க விரும்பும் மாணவர், பின்வருமாறு குறிப்பெழுதுவதாகக் கொள்வோம்: “தறியில் நூல் அறுந்தால் ரிலே இயங்குமாறு ஒரு மின்சுற்று வரைந்து தருக.” இக்குறிப்பில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. எனினும் பொறியியல் நோக்கில் இது வெறுந்தாள். இதற்குக் கருவி தரக்கூடிய விடையில் எங்கெங்கே குழி இருக்கலாம் என்பதைக் காண்பது பயனுடையது.

முதலாவது, மின்வழங்கி. கருவி 230 வோல்ட்டை மனத்திற்கொண்டு, 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரும் 7812 என்னும் மின்னழுத்தச் சீராக்கியும் போதும் என்று கூறலாம். 12 வோல்ட் மாறுமின்னழுத்தத்தின் உச்சம் ஏறத்தாழ 17 வோல்ட், டையோடுகளில் 1.4 வோல்ட் கழிய 15.6 வோல்ட் எஞ்சும். 7812 சீராக இயங்க ஏறத்தாழ 14 வோல்ட்டுக்கு மேல் வேண்டும். ஆகவே கல்லூரி ஆய்வகத்தில் சுற்று செம்மையாக இயங்கும். ஆனால், மின்கம்பி வழியின் கடைக்கோடியில் உள்ள தறிக்கொட்டகையில் மாலை வேளையில் 185 வோல்ட்தான் வருகிறது என்றால், சீராக்கிக்குக் கிடைப்பது 12.2 வோல்ட் மட்டுமே. சுற்று தடுமாறும். 15 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரைத் தேர்ந்திருந்தால், அதே 185 வோல்ட்டிலும் 15.7 வோல்ட் கிடைத்திருக்கும்.

இரண்டாவது, ரிலேயை இயக்கும் டிரான்சிஸ்டர். 12 வோல்ட் ரிலேச் சுருளின் மின்தடை 400 ஓம் எனில், அதற்கு 30 மில்லி ஆம்பியர் வேண்டும். BC547 என்பதன் தமிழ் வழக்கான பி.சி. 547 டிரான்சிஸ்டரின் அடிவாய்க்கு 10 கிலோ ஓம் மின்தடை போதும் என்று கருவி கூறினால், 3.3 வோல்ட்டில் இயங்கும் மைக்ரோகண்ட்ரோலரிலிருந்து பாயும் அடிவாய் மின்னோட்டம் 0.26 மில்லி ஆம்பியர். விவரத்தாள் தரும் குறைந்த அளவுப் பெருக்கம் 110. இரண்டையும் பெருக்கினால் 28.6 மில்லி ஆம்பியர், வேண்டுவதோ 30. பெருக்கம் மிகுந்த டிரான்சிஸ்டர் கிடைத்தவருக்குச் சுற்று இயங்கும். குறைந்தது கிடைத்தவருக்கு ரிலே ஒட்டியும் ஒட்டாமலும் அதிரும். பத்துக் கருவிகளில் ஒன்பது இயங்கி ஒன்று கெடும் நிலையைக் காட்டிலும் துன்பம் தருவது வேறில்லை. 820 ஓம் மின்தடை இட்டால் அடிவாய் மின்னோட்டம் 3 மில்லி ஆம்பியரைத் தாண்டும், ஐயத்திற்கு இடமிராது.

இவ்விரு பிழைகளும் கருவியின் அறியாமையால் மட்டும் விளைந்தவை அல்ல. கொட்டகையின் மின்னழுத்தமும், மைக்ரோகண்ட்ரோலரின் 3.3 வோல்ட்டும் அதற்குச் சொல்லப்படவே இல்லை.

குறிப்பில் இடம்பெற வேண்டியவை

நல்ல பணிக்குறிப்பில் ஆறு பகுதிகள் இருத்தல் வேண்டும். பயன்படும் நோக்கம் முதலாவது. சுற்று எங்கே, யாருக்காக, எதைச் செய்ய வேண்டும் என்பது. உள்ளே வருவனவும் வெளியே செல்வனவும் எண்ணிலும் அலகிலும் தரப்படுவது இரண்டாவது. சூழ்நிலை மூன்றாவது, வெப்பம், தூசி, அதிர்வு, மின்னழுத்த ஏற்ற இறக்கம் ஆகியன. கட்டுப்பாடுகள் நான்காவது; கிடைக்கும் பாகங்கள், விலை, பழுதுபார்ப்பவரின் வசதி. பழுது நேர்ந்தால் சுற்று எந்நிலைக்குச் செல்ல வேண்டும் என்பது ஐந்தாவது. விடை எவ்வடிவில் வேண்டும் என்பது ஆறாவது.

இவற்றுள் இரண்டாவதையும் மூன்றாவதையும் மேசையில் அமர்ந்து எழுத இயலாது. கொட்டகைக்குச் சென்று, மல்டிமீட்டரால் காலை, பிற்பகல், மாலை என மூவேளையும் அளந்த பின்னரே எழுத இயலும். தறி நிமிடத்திற்கு 150 ஊடை போடுகிறது எனில் ஓர் ஊடைக்கு 0.4 விநாடி, அறுந்த இழையோடு அடுத்த ஊடை விழாதிருக்க வேண்டுமானால் அதற்குள் சுற்று முடிவெடுக்க வேண்டும். அதே வேளையில் பஞ்சுத்தூசியும் அதிர்வும் ஏற்படுத்தும் கணநேரத் தொடுகையைக் கண்டு தறி வீணே நின்றுவிடவும் கூடாது. இந்த எண்கள் நெசவாளரிடம் கேட்டும், தறியருகே நின்று எண்ணியும் பெற வேண்டியவை. அவர் தெலுங்கிலோ தமிழிலோ சொல்வதை அவர் சொற்களிலேயே முதலில் எழுதிக்கொண்டு, பின்னர் எண்ணாகவும் அலகாகவும் மாற்றுவது நன்று. மொழிமாற்றத்தில் நழுவும் தேவைகள் பல.

இவ்வாறு திரட்டிய விவரங்களைக் கொண்டு அதே மாணவர் எழுதும் இரண்டாவது குறிப்பு பின்வருமாறு அமையும்:

“விசைத்தறிக்கான பாவு இழை அறுகாவல் சுற்று. தொடுசட்டம் 12 வோல்ட் நேர்மின்சாரத்தில் இயங்க வேண்டும். தொடுகை 50 மில்லி விநாடி நீடித்தால் மட்டுமே இழை அறுந்ததாகக் கொள்க. தறி நிற்கும் ஆணை 0.4 விநாடிக்குள் பிறக்க வேண்டும். மைக்ரோகண்ட்ரோலர் 3.3 வோல்ட். ரிலேச் சுருள் 12 வோல்ட், 400 ஓம். மின்வழங்கல் ஒருமுனை, 50 ஹெர்ட்ஸ், 185 முதல் 250 வோல்ட் வரை மாறும். மொத்தச் சுமை 100 மில்லி ஆம்பியர். கொட்டகையில் பஞ்சுத்தூசியும் அதிர்வும் மிகுதி. கோடையில் வெப்பம் 45 டிகிரி செல்சியஸ். சிற்றூர்க் கடைகளில் கிடைக்கும், கையால் பற்றவைக்கத்தக்க பாகங்களே வேண்டும். தொடுசட்டத்திற்குச் செல்லும் கம்பி அறுந்தால் அதுவும் தெரிய வேண்டும். விடை தருமுன், ஐயமுள்ளவற்றைக் கேள்வியாகக் கேட்க. நீ கொண்ட ஊகங்களைத் தனியே பட்டியலிடுக. ஒவ்வொரு மதிப்பிற்கும் மிக மோசமான நிலையில் கணக்குக் காட்டுக. சுற்றினை என்ஜிஸ்பைஸ் மென்பொருள் ஏற்கும் இணைப்புப் பட்டியலாகத் தருக.”

இக்குறிப்பு நீளமானது. ஆனால் இதன் ஒவ்வொரு தொடரும் ஓர் ஊகத்தை அடைக்கிறது. “ஊகங்களைப் பட்டியலிடுக” என்னும் தொடர் தனிக் கவனத்திற்குரியது. எவ்வளவு எழுதினாலும் ஏதேனும் ஒன்று விடுபடும். அந்த விடுபாட்டைக் கருவி மறைவாக நிரப்பாமல் வெளிப்படையாக நிரப்பச் செய்வதே அத்தொடரின் பணி.

பழுதின்போது நிலை என்ன?

மேற்கூறிய ஆறு பகுதிகளுள் மாணவர் பெரிதும் மறப்பது ஐந்தாவதையே. இழை அறுந்தால் சுற்று மூடும் என்னும் அமைப்பில், தொடுசட்டத்திற்குச் செல்லும் கம்பியே அறுந்துவிட்டால் என்னாகும்? சுற்று ஒருபோதும் மூடாது. எல்லாம் நலம் என்று காட்டும் விளக்கு எரிந்துகொண்டேயிருக்கும். காவல் மட்டும் இராது. காவல் இருப்பதாக நம்பிக் கண்ணை வேறுபக்கம் திருப்பும் நெசவாளருக்கு, காவலே இல்லாத தறியைவிட இது கேடானது.

இதற்குத் தீர்வு தீயறிவிப்புச் சுற்றுகளில் நெடுநாளாகக் கையாளப்படுகிறது. கம்பியின் தொடக்கத்தில் 4.7 கிலோ ஓமும், தொடுசட்டத்தின் கடைக்கோடியில் மற்றொரு 4.7 கிலோ ஓமும் இணைத்தால், இயல்பு நிலையில் நடுவே 6 வோல்ட் இருக்கும். இழை அறுந்து தகடு விழுந்தால் அது சுழியாகும். கம்பி அறுந்தால் 12 வோல்ட்டாகும். இம்மின்னழுத்தத்தை நான்கில் ஒன்றாகக் குறைத்து மைக்ரோகண்ட்ரோலருக்குத் தந்தால், மூன்று நிலைகளும் தெளிவாகப் பிரிந்து தெரியும். செலவு ஒரு மின்தடை. “கம்பி அறுந்தால் அதுவும் தெரிய வேண்டும்” என்னும் ஒரு தொடர் குறிப்பில் இருந்தாலன்றி, கருவி இதனைத் தானாக முன்வந்து கூறும் என்று எதிர்பார்க்கலாகாது.

விடையைச் சோதித்தல்

செம்மையான குறிப்பு செம்மையான விடைக்கு உறுதிமொழி ஆகாது. விடையை மூன்று படிகளில் சோதிக்க வேண்டும்.

முதற்படி, விவரத்தாள். கருவி கூறும் பாக எண்ணும், கால்களின் வரிசையும், மின்னோட்ட எல்லையும் உற்பத்தியாளரின் விவரத்தாளோடு ஒப்பிடப்பட வேண்டும். பி.என். 2222ஏ, பி2என் 2222ஏ என்னும் இரு டிரான்சிஸ்டர்களின் பெயர்கள் ஓரெழுத்து இட வேறுபாடே உடையன. ஆனால் அவற்றின் கால்வரிசை ஒன்றுக்கொன்று தலைகீழானது. இத்தகைய இடங்களில் நினைவை நம்புவது மனிதர்க்கும் தகாது, கருவிக்கும் தகாது.

இரண்டாம் படி, கணிப்பொறிச் சோதனை. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1973ஆம் ஆண்டு வெளிவந்த ஸ்பைஸ் என்னும் மென்பொருளின் வழிவந்ததே என்ஜிஸ்பைஸ். இதனையும், சுற்று வரையும் கைகாட் மென்பொருளையும் இணைத்து, மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் ஃபாசி திட்டம் இ-சிம் என்னும் தொகுப்பை உருவாக்கியுள்ளது. இது கட்டணமின்றிக் கிடைப்பது; சிற்றூர்க் கல்லூரி மாணவரும் பயன்படுத்தக் கூடியது. படமாக வரையச் சொல்லாமல் இணைப்புப் பட்டியலாகக் கேட்பதன் காரணம் இதுவே. படத்தைக் கண்ணால் பார்க்கத்தான் முடியும். பட்டியலை ஓட்டிப் பார்க்கலாம். 185 வோல்ட்டிலும் 250 வோல்ட்டிலும், குறைந்த பெருக்கத்திலும் மிகுந்த பெருக்கத்திலும் ஓட்டிப் பார்த்து, பிழை தெரிந்த இடத்தை எண்ணோடு மீண்டும் கருவிக்கு எழுத வேண்டும். “இயங்கவில்லை” என்று எழுதுவது குறிப்பு ஆகாது. “185 வோல்ட்டில் சீராக்கியின் வெளியீடு 12 வோல்ட்டிலிருந்து இறங்குகிறது, காரணமும் மாற்றும் கூறுக” என்பதே குறிப்பு.

மூன்றாம் படி, மேசையிலும் கொட்டகையிலும் அளத்தல். குறிப்பாக 230 வோல்ட் நேரடியாகப் பாயும் பகுதியைக் கருவியின் சொல்லை மட்டும் நம்பி அமைத்தல் கூடாது. மின்காப்பு, இடைவெளி, ஃபியூஸ், நில இணைப்பு ஆகியவற்றைத் தகுதிவாய்ந்தவர் ஒருவர் நேரில் பார்த்த பின்னரே மின்சாரம் கொடுக்க வேண்டும். பிழையின் விலையைக் கருவி செலுத்துவதில்லை. தறியருகே வெறுங்காலுடன் நிற்பவர் செலுத்துகிறார்.

பிற நாட்டு அனுபவம்

இவ்வுண்மை சிறு சுற்றுகளுக்கு மட்டும் உரியதன்று. 2023ஆம் ஆண்டு நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், உரையாடல் வழியாகவே ஓர் 8-பிட் நுண்செயலியை வடிவமைக்க முயன்றனர். அக்குழுவில் ரமேஷ் கர்ரி, சித்தார்த் கார்க் ஆகியோரும் இருந்தனர். பொறியாளர் ஒருவர் ஜி.பி.டி.-4 கருவியோடு உரையாடி, செயலியின் பகுதிகளை வன்பொருள் விவரிப்பு மொழியில் எழுதுவித்தார். அவ்வடிவம் 130 நானோமீட்டர் முறையில் சில்லாக வார்ப்பதற்கு அனுப்பப்பட்டது. இம்முயற்சி உலகின் கவனத்தை ஈர்த்தது. ஆனால் அதில் கவனிக்கத்தக்கது வேறொன்று. வேலை சிறு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது; ஒவ்வொரு பகுதிக்கும் தேவை எழுதப்பட்டது; பிழை நேர்ந்த இடங்களில் அனுபவமுள்ள பொறியாளர் அதைச் சுட்டிக்காட்ட வேண்டியிருந்தது. கருவி எழுதியது, ஏற்பதா மறுப்பதா என்பதை மனிதர் முடிவு செய்தார்.

கல்லூரியும் அலுவலகமும்

இந்திய அரசு 2021 டிசம்பரில் ரூ. 76,000 கோடி ஒதுக்கீட்டில் குறைக்கடத்தித் துறை வளர்ச்சித் திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. சில்லு வடிவமைப்பில் 85,000 பேருக்குப் பயிற்சி அளிப்பதை ‘சிப்ஸ் டு ஸ்டார்ட்அப்’ திட்டம் இலக்காகக் கொண்டது. இத்தகைய பயிற்சியின் பயன் பெருநகரங்களோடு நின்றுவிடாமல் நாராயணவனம் போன்ற ஊர்களின் மாணவரையும் அடைய வேண்டுமானால், கருவியை இயக்கக் கற்பிப்பது மட்டும் போதாது. தேவையை அளந்து எழுதவும், விடையை எண்ணால் மறுக்கவும் கற்பிக்க வேண்டும். ஓம் விதியைக் கையால் போட்டுப் பார்க்கத் தெரியாத மாணவர், 28.6க்கும் 30க்கும் உள்ள வேறுபாட்டைக் காணமாட்டார். அவருக்குக் கருவி ஆசானும் ஆகாது, உதவியாளரும் ஆகாது.

மாணவர் செயல்திட்ட அறிக்கைகளில் இறுதிச் சுற்றுப் படம் மட்டும் இடம்பெறும் வழக்கம் மாறுதல் நன்று. எழுதிய குறிப்புகள், கருவி கொண்ட ஊகங்கள், கைக்கணக்கு, கணிப்பொறிச் சோதனை, நேரில் அளந்த மதிப்பு ஆகிய ஐந்தும் வரிசையாக இடம்பெற வேண்டும். கணித்த மதிப்பும் அளந்த மதிப்பும் வேறுபட்ட இடமே மாணவர் கற்ற இடம்.

அலுவலர்க்கும் இதில் பாடம் உண்டு. கொள்முதல் ஒப்பந்தக் குறிப்பும் ஒருவகைப் பணிக்குறிப்பே. “தரமான மின்சுற்று வேண்டும்” என்று எழுதினால் வழங்குபவர் தமக்கு ஏற்ற பொருளை அதில் நிரப்பிவிடுவார். “185 முதல் 250 வோல்ட் வரை இயங்க வேண்டும், கம்பி அறுந்தால் எச்சரிக்க வேண்டும், இவை ஏற்புச் சோதனையில் காட்டப்பட வேண்டும்” என்று எழுதினால் ஐயத்திற்கு இடமில்லை. அன்றியும், பாதுகாப்பு தொடர்பான சுற்றுகளையும் பிறர்க்கு உரிமையுள்ள வடிவங்களையும் வெளியார் கணிப்பொறிகளில் இயங்கும் கருவிகளில் இடுவதைத் தவிர்த்தல் அலுவலகத்தின் கடமை.

முடிவாக ஒன்று. பாவு இழை அறுவதைக் கண்ணால் காத்துநிற்கும் நெசவாளர், ஆயிரக்கணக்கான இழைகளுக்கிடையே இல்லாத ஒன்றைக் காணப் பழகியவர். செயற்கை நுண்ணறிவின் விடையைப் படிக்கும் மாணவருக்கும் வேண்டுவது அந்தப் பழக்கமே. எழுதப்பட்டிருப்பதைப் படிப்பது எளிது. எழுதாமல் விடப்பட்டதையும், தானாக நிரப்பப்பட்டதையும் காண்பதே வடிவமைப்பாளரின் கண். அக்கண்ணைப் பெற்றவர் கையில் இக்கருவி, கொட்டகையின் துன்பத்தை ஆய்வகத்திற்கும் ஆய்வகத்தின் தீர்வைக் கொட்டகைக்கும் விரைந்து கொண்டுசெல்லும் நாடாவாக விளங்கும்.